இரண்டு மூச்சில்

ரியோ மாயோவில் காற்றுக்கா பஞ்சம்?
செப்டம்பரில் அது
என் பட்டறைக் கூரைத் தகரத்தைப் பிடுங்கி
மூன்றாம் வீட்டு ஆட்டுப்பட்டியில் எறிந்துவிட்டுப் போனது.
நெடுஞ்சாலையில் லாரியைச் சாய்க்கும்;
டயருக்குள் வா என்றால் மட்டும் வராது.

கம்ப்ரஸரை எவாரிஸ்தோவிடம் வாங்கினேன்,
எண்ணெய்க் கம்பெனி விட்டுப்போன கிடங்கில்.
"ஓடுது பாருங்க, தோன்யா சுல்மா."
ஓடத்தான் ஓடியது.
மற்றதைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை.

இரண்டு சிலிண்டர்.
ஒன்று, இருபது பேருக்குக் கறி வேகும் சட்டி.
மற்றது மாத்தே உறிஞ்சும் சுரைக்குடுக்கை.
நடுவே செதில் செதிலாக ஒரு செம்புக் குழாய்,
அதன் முதுகில் கட்டைவிரல் அளவில் பித்தளை வால்வு.
தொட்டியின் முள் ஆறு பாரைத் தொட்டதும்
அந்த வால்வு என்னைப் பார்த்து
சீ, என்றது.
சீ. சீ. சீ.
முள் அதற்கு மேல் ஏறவில்லை.

பெரிய உடம்பைத்தானே முதலில் சந்தேகப்படுவோம்.
பதினோரு நாள்.
வளையங்களை மாற்றினேன், சுவரை மெருகேற்றினேன்,
டீசலில் குளித்தது பிஸ்டன், கூடவே நானும்.
பூட்டினேன். ஓட்டினேன்.
சீ.

டெல்ஃபினா நாவெல்கிர் கம்பளி லாரியோடு வந்து நின்றாள்,
பின் அச்சில் இரண்டு டயர் தரையோடு தரை.
இயந்திரத்தைச் சுற்றி வந்தாள், இதில் ஒன்றும் தெரியாதவள்.
கேட்டாள்: "திட்டு எங்கேயிருந்து வருது?"
குழாயிலிருந்து, என்றேன்.
"அப்ப குழாய்க்குள்ள யாரு தள்ளுறா?"

அன்று இரவு ஒரு மாவுப்பையைக் கிழித்துப் பின்புறம் வரைந்தேன்.
பெரியது ஒரு வாய் இழுக்கிறது, அழுத்துகிறது.
அழுத்தினால் காற்று கொதிக்கிறது.
கொதிப்போடு மேலும் நெருக்காமல்
குழாய் வழியே நடக்கவிட்டு ஆறவைக்கிறது.
ஆறியதைத்தான் சின்னது வாங்கி மறுபடி நெருக்கும்.
ஒரே மூச்சில் முடிகிற வேலை இல்லை இது.
நான்தான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தவள்:
கல்யாணம், கடன், கடைசியாக இந்த இரும்பு.
வாங்கியதைச் சின்னது திருப்பித் துப்பினால்
நடுவில் நிற்பதுதான் கத்தும்.

சின்னதின் தலையைக் கழற்றினேன்.
நகத்தின் கனத்தில் ஒரு எஃகு நாக்கு,
பாதிதான் இருந்தது.
மீதிப் பாதி, பிஸ்டன் உச்சியில்
கோழி கொத்திய மாதிரி தடம் விட்டுத் தொலைந்திருந்தது.

புது நாக்கு கொமோதோரோவிலிருந்து வியாழக்கிழமைப் பேருந்தில் வந்தது.
டிரைவர் அதைத் தொப்பிக்குள் வைத்திருந்தார்.
செம்பு வளையத்தைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன்,
இளகிக் கொடுத்தது.
தொட்டியின் அடித்திருகைத் திறந்தால்
ஒரு வாளி துருத்தண்ணீர்.
இந்த வயிற்றை நம்பலாமா?
கழுத்துவரை நீர் நிரப்பிக் கைப்பம்பால் பதினெட்டு பார் ஏற்றினேன்.
நீரோடு வெடித்தால் நனைவேன்;
காற்றோடு வெடித்தால் பட்டறை இருக்காது.
அரைமணி நேரம் முள்ளையே பார்த்தேன்.
அது அசையவில்லை, நானும்.

மோட்டாரை இணைத்ததும் சக்கரம் எதிர்ப்புறம் சுற்றியது,
குழாய்க்கு வீச வேண்டியதைச் சுவருக்கு வீசிக்கொண்டு.
இரண்டு கம்பியை இடம் மாற்றினேன்.
பன்னிரண்டு பார். வால்வு வாய் திறக்கவில்லை.
குழாயின் ஒரு முனை கையைச் சுட்டது,
மறுமுனை வெறும் வெதுவெதுப்பு.

எவாரிஸ்தோ பிறகொரு நாள் வந்தான், முன் டயரில் ஆணி.
"ஓடுதா?"
ஓடுது, என்றேன்.
கதவுக்கு வெளியே அவனை அந்தக் காற்றில் நிற்கவைத்தேன்.
ஆணியைப் பிடுங்கும் நேரத்துக்குள்
ஆறிவிட்டேன், பாதி.
கூலி வழக்கமானதுதான்.

மாலையில் தொட்டியை வடிக்கிறேன்.
மாதக்கணக்காக மழை காணாத ஊர்,
உதடு வெடிக்கும் காற்று.
அதிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர்.
எண்ணெய் மினுக்கும், செடிக்கு ஆகாது.
ஆனாலும் உடனே கொட்ட மனம் வராமல்
கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கிறேன்.